உரிமம் ரொஸ்னா பெயரில்

எனக்கு எலியைக் கண்டால் பயமில்லை. படிவத்தைக் கண்டால்தான் பயம். முப்பத்திரண்டு ஆண்டு மலாய்மொழி சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்று, அக்கம்பக்கத்தாருக்குப் படிவம் நிரப்பிக்கொடுத்தே பொழுதைக் கழிக்கிற நான் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் எலி கடித்தால் ஊசி இருக்கிறது. படிவத்தில் ஒரு பெயரை எழுதிவிட்டால் அதற்கு மருந்து கிடையாது. இதை நான் ரொஸ்னாவின் விஷயத்தில் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட செலவு முழுவதும் அவளுடையது.

என் மேசையில் இப்போது ஒரு கோப்பு கிடக்கிறது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் உள்ள நாசி கண்டார் சோற்றுக்கடையின் சுகாதாரச் சோதனைப் பதிவு அது. பதினோரு ஆண்டு, பதினான்கு தாள். ஒவ்வொரு தாளின் அடியிலும் உரிமக்காரர் என்ற இடத்தில் ரொஸ்னாவின் கையெழுத்து இருக்கிறது. படிக்கிறவர்கள் அவளைப் பெரிய முதலாளியம்மா என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் அந்தக் கடையில் அவளுக்கென்று இருந்தது ஒரு ஏப்ரனும் ஒரு பூனையும். பூனையும் பிறகு போய்விட்டது.

கடை ஹனீபாவுடையது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் கப்பலேறி வந்தவர். இந்த ஊரில் நாற்பத்தைந்து ஆண்டு குழம்பு கிண்டியும் அவர் கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை, சிவப்பு ஐசிதான். நிரந்தரவாசி, குடிமகன் இல்லை. குடிமக்களுக்கான நீல ஐசி இல்லாதவர் பெயரில் உணவகத்துக்கு உரிமம் கிடைக்காது. அதனால் முதலில் மைத்துனர் பெயரில் உரிமம் வைத்திருந்தார். மைத்துனர் இறந்துபோனதும் வேறு பெயர் வேண்டியிருந்தது.

ரொஸ்னா இங்கேயே பிறந்தவள், நீல ஐசிக்காரி. அவள் கணவர் ஃபிக்ரி மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வேலை செய்தார். ஒரு நாள் காலை சட்டை மாட்டும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அப்போது மகள் இமானுக்கு ஏழு வயது. தூரத்து உறவு என்ற முறையில் ஹனீபாதான் ரொஸ்னாவைக் கூப்பிட்டுச் சமையற்கட்டில் வேலை கொடுத்தார். அவரை நான் எவ்வளவு திட்டினாலும் இதை மட்டும் மறைக்க மாட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு அவள் ஒரு படிவத்தோடு என்னிடம் வந்தாள். மதியக் கூட்டம் வடிந்த பிறகு கடையின் மூலை மேசைதான் என் அலுவலகம். ஒரு தேத்தண்ணீர்தான் என் கூலி. ஹனீபா மாமா அவள் பெயரில் உரிமம் எடுக்கச் சொல்கிறார் என்று கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள். நான் படிவத்தைப் புரட்டினேன். உரிமக்காரரின் பொறுப்புகள் என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பதினெட்டு வரி இருந்தது. அன்றைக்கு எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. பொடி எழுத்தைப் படிக்கச் சோம்பல்பட்டேன். உன் பெயரில் கடை என்றால் உனக்கு நல்லதுதானே, நாளைக்கு யாரும் உன்னை வெளியே போ என்று சொல்ல முடியாதே என்று பெரிய மனுஷி மாதிரி அறிவுரை வேறு சொன்னேன். பெயரைக் கட்டத்துக்குள் நிறுத்தி எழுதினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"உங்க எழுத்துல என் பேரு அழகா இருக்கு டீச்சர்" என்றாள்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வாத்தியாரம்மாவுக்குக் கையெழுத்தைப் புகழ்ந்தால் போதாதா.

உரிமம் வந்தது. ஹனீபா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பணப்பெட்டிக்கு மேலே, குர்ஆன் வசனம் எழுதிய சட்டத்துக்கு ஒரு சாண் கீழே மாட்டினார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகைக் கூட்டம் சாப்பிட்டுப் போன பிறகு ரொஸ்னா ஸ்டூல் போட்டு ஏறி அந்தக் கண்ணாடியைத் துடைப்பாள். அவளுடைய பெயர் எங்கேயும் அப்படிச் சட்டம் போட்டு மாட்டப்பட்டதில்லை. திருமணப் படத்தில்கூட பெண்ணின் பெயர் என்று எதையும் எழுதவில்லை அவர்கள் வீட்டில்.

அந்தச் சந்தில் சோதனை ஆட்கள் வரும் செய்தி ஆட்களுக்கு முன்னால் வந்துவிடும். முதல் கடைக்காரர் இரண்டாம் கடைக்குப் போன் அடிப்பார், இரண்டாம் கடை மூன்றாம் கடைக்கு. இதில் ஹனீபாவின் வழக்கம் ஒன்று உண்டு. செய்தி வந்த நிமிடமே அவருக்குப் பக்தி வந்துவிடும். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். காலை பத்து மணிக்கு என்ன தொழுகை என்று நான் ஒரு தடவை கேட்டே விட்டேன். பணப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால், நீங்கள் யார், உரிமத்தில் உங்கள் பெயர் இல்லையே என்று கேள்வி வருமாம். அதனால் அதிகாரிகள் வரும்போது கடையில் முதலாளியாக நிற்பது எப்போதும் ரொஸ்னாதான். குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வருவாள். முதலாளி வேடம் அவளுக்குப் பொருந்தவும் செய்தது.

முதல் தாளில் மதிப்பெண் தொண்ணூற்று ஒன்று, ஏ கிரேட். இரண்டாம் தாளிலும் ஏ. அதெல்லாம் ரொஸ்னாவின் கை. வெண்டைக்காய்த் தட்டுக்குக் கீழே கூட எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது. வேலை ஆட்கள் ஒன்பது பேருடைய டைபாய்ட் ஊசி அட்டையையும் தன் பையிலேயே வைத்திருந்தாள். ஊசிக்குப் பயந்து ஓடியவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். ஏன் இவ்வளவு பாடுபடுகிறாய் என்று கேட்டால், "என் பேர்ல இருக்குல்ல டீச்சர்" என்பாள்.

மூன்றாம் தாளில்தான் பூனை வருகிறது.

கறுப்புப் பூனை. கிச்சாப் என்று பெயர், மலாயில் கிச்சாப் என்கிற சோயா சாஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில் படுத்துப் படுத்து வந்த பெயர். பின்கட்டில் அரிசி மூட்டைகள்மேல் தூங்கும். அது இருந்தவரை அந்தக் கடையில் யாரும் எலியைப் பார்த்ததில்லை. சந்தில் உள்ள முஸ்லிம் கடைகள் பலவற்றிலும் பூனை உண்டு. பூனையை யாரும் அசுத்தமாக நினைப்பதில்லை. பூனை வாய் வைத்த தண்ணீரில் கைகால் கழுவித் தொழலாம் என்றே அவர்கள் சொல்வார்கள். சோதனைக்கு வந்த ஹைருலும் முஸ்லிம்தான், மலாய்க்காரப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். கிச்சாப்பைத் தூக்கி மடியில் வைத்துத் தாடையைத் தடவிக்கொடுத்தான். தன் வீட்டில் நான்கு பூனை இருப்பதாகக் கைப்பேசியில் படம் காட்டினான். பிறகு பூனையைக் கீழே இறக்கிவிட்டு, உணவிடத்தில் விலங்கு என்ற கட்டத்தில் நான்கு மதிப்பெண் வெட்டினான். கடை பி கிரேடுக்கு இறங்கியது. ரொஸ்னா பூனை வாய் வைத்த தண்ணீரைப் பற்றிச் சொன்னாள். அவன் மலாய் வழக்கில் அக்கா என்று அழைத்து, அதெல்லாம் உண்மைதான் கக், ஆனால் இந்தத் தாளில் அதற்குக் கட்டம் இல்லையே என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கட்டத்தின்மேல்தான் கோபம்.

அடுத்த தடவையும் பூனை, அடுத்த தடவையும் வெட்டு. கூடவே ரொஸ்னா பெயருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அவள் வாழ்க்கையில் அரசாங்கத்திடமிருந்து அவளைத் திட்டி வந்த முதல் கடிதம் அதுதான். மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை அவளுக்கு. ஹனீபா விட்டுத்தள்ளு என்றார். பூனை போனால் எலி வரும் புள்ள என்றும் சொன்னார். குழம்பில் தவிர அந்த மனிதர் சரியாகச் சொன்ன விஷயம் அது ஒன்றுதான். ஆனால் கடிதம் அவர் பெயருக்கு வரவில்லையே. ரொஸ்னா கிச்சாப்பை ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் வைத்து, ஃபெரி ஏறி, அக்கரையில் பட்டர்வொர்த்தில் இருக்கும் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். ஃபெரி முழுக்க அது கத்தியதாம். வந்து என் எதிரில் உட்கார்ந்து அழுதாள். நான் நல்ல காரியம் செய்தாய், விதியை மதிக்க வேண்டும் என்றேன். இத்தனை ஆண்டு பிள்ளைகளிடம் சொன்ன அதே குரலில் சொன்னேன்.

அவள் செய்த ஒரே தப்பு அதுதான், சொன்ன பேச்சைக் கேட்டது.

எம்சிஓ என்ற கொரோனா ஊரடங்கு வந்து போனது. கடை பார்சலில் பிழைத்தது. அதற்குப் பிறகு பக்கத்துக் கடைவீட்டை யாரோ வாங்கித் தங்குவிடுதியாக மாற்ற ஆரம்பித்தார்கள். நூறு வருடத்துத் தரையைத் தோண்டினார்கள். நூறு வருடத்து எலிகள் எங்கே போகும்? பூனை இல்லாத வீடு பார்த்து வந்தன. ரொஸ்னா பொறி வைத்தாள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைச் சுருட்டிச் சுவர் ஓட்டைகளில் அடைத்தாள். கூரையில் ஒரு பெரிய பிளவு இருந்தது. அதை அடைக்க ஹனீபாவிடம் கேட்டாள். ஹனீபா வீட்டுக்காரரிடம் கேட்டார். வீட்டுக்காரர் கோலாலம்பூரில் இருந்தார். பாரம்பரியக் கட்டடம், அனுமதி இல்லாமல் கூரையில் ஓர் ஓடுகூட மாற்றக் கூடாது, மனு போட்டிருக்கிறேன் என்றார். பின்னால் ஓடும் லோங்காங் என்ற சாக்கடை பக்கத்து விடுதிக்கும் பொது. அவர்கள் அதில் சிமென்ட்டைக் கொட்டியதில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அவர்களுக்கு நான் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. கூரை அவளுடையது அல்ல, சுவர் அவளுடையது அல்ல, லோங்காங் அவளுடையது அல்ல. பெயர் மட்டும் அவளுடையது.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று மார்ச்சில் சோதனை வந்தது. அன்றைக்கு ஹைருல் இல்லை. முன்பின் தெரியாத நான்கு பேர், ஒருவர் கையில் கேமரா. செய்தி ஏதும் முன்கூட்டி வரவில்லை. நேரே எங்கள் கடைக்கே முதலில் வந்துவிட்டார்கள். ஹனீபா மட்டும் எப்படியோ பின்வாசலைப் பிடித்துவிட்டார். நான் மூலை மேசையில் யாருடைய பிறப்புப் பத்திரத்தையோ பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அரிசி மூட்டைகளை நகர்த்தினார்கள். பின்னால் எலிப்புழுக்கை இருந்தது. ஒரு மூட்டையின் மூலை கடிபட்டு அரிசி சிந்தியிருந்தது. நாற்பத்தெட்டு மதிப்பெண். பதினான்கு நாள் கடையை மூட உத்தரவு. ரொஸ்னாவைக் கடைவாசலில் நிறுத்தி, மூடல் அறிவிப்பைக் கையில் கொடுத்து, அப்படியே ஒரு படம் எடுத்தார்கள். அவள் பழக்கத்தில் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். எனக்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. அதட்டி ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஐம்பது பேரை ஒரு பார்வையில் அடக்கிய நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலத்துக்குள் படம் எல்லார் கைப்பேசியிலும் வந்துவிட்டது. முகத்தை மறைத்திருந்தார்கள், ஆனால் ஏப்ரனில் கடை பெயர் இருந்தது. உரிமக்காரர், நாற்பத்தேழு வயதுப் பெண் என்று போட்டிருந்தார்கள். கீழே கருத்து எழுதியவர்களில் பாதிப் பேர் அவளை உள்ளே தள்ளச் சொன்னார்கள். இமான் படிவம் ஐந்து, இடைநிலைப்பள்ளியின் கடைசி வகுப்பு, படித்துக்கொண்டிருந்தாள்; வகுப்பில் யாரோ அவளிடமே அந்தப் படத்தைக் காட்டி, இந்தக் கடையில் சாப்பிடாதே என்று சொன்னார்களாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

பதினான்கு நாளும் அவள்தான் கடையைத் தேய்த்தாள். ஹனீபா ஒரு வழியாகத் தகரம் வாங்கிக் கூரைப் பிளவை அனுமதியில்லாமலே அடைத்தார். மறுசோதனையில் எண்பத்தெட்டு, திரும்பவும் ஏ. வாடிக்கையாளர்கள் ஒரு மாதத்தில் மறந்துவிட்டார்கள். நாசி கண்டாருக்கு வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஞாபகசக்தி கம்மி. எல்லாம் முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

இங்கே ரொஸ்னாவின் ரொட்டி ஜாலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டைக் குவளையில் மாவை எடுத்து, சூடான கல்லின்மேல் கையைச் சுழற்றி வலைபோல ஊற்றுவது. வெள்ளிக்கிழமை மட்டும் கடை முகப்பில் ஓரமாகக் கல்லைப் போட்டு விற்றுக்கொள்ள ஹனீபா அனுமதித்திருந்தார். தொழுகை முடிவதற்குள் தீர்ந்துவிடும். நான் இந்து, மாட்டுக்கறி வாடை பட்டாலே தள்ளி உட்காருகிறவள். அந்தக் கோழிக்குழம்புக்கும் ரொட்டி ஜாலாவுக்கும் வெள்ளிக்கிழமை விரதத்தையே விட்டவள். கடவுள் மன்னிப்பார், அவர் அதைச் சாப்பிட்டுப் பார்த்தால்.

அவளுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். சொந்தமாக ஓர் அங்காடிக் கடை, ரொட்டி ஜாலா மட்டும் போடுகிற கடை. காலை ஏழிலிருந்து பன்னிரண்டு. பெயர்ப் பலகைகூட வேண்டாம் என்பாள்.

போன ஆண்டு கடலோரப் பக்கம் புதிதாக ஓர் உணவங்காடி கட்டி முடித்தார்கள். தனித்து வாழும் தாய்மார்களுக்கு ஆறு இடம் ஒதுக்கியிருந்தார்கள். நான்தான் மனு நிரப்பிக்கொடுத்தேன். இந்தத் தடவை பொடி எழுத்தையும் படித்தேன், ஆனால் பழைய மூடல் உத்தரவைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அக்டோபரில் குலுக்கல். பதினேழாம் எண் கடை அவளுக்கு விழுந்தது. மறுநாள் ஐந்து மூக்கு வைத்த புதுப் பித்தளைக் குவளை ஒன்று வாங்கிக்கொண்டு வந்து காட்டினாள். ஹனீபா அவள் தலையில் கைவைத்து துஆ செய்தார். ஏழு மணிக்குள் கல்லைப் பற்றவை, மாமாவுக்கு முதல் ரொட்டி என்றார். அவர் சந்தோஷம் பொய்யில்லை.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. மூன்று ஆண்டுக்குள் சுகாதாரக் காரணத்தால் மூடப்பட்ட உணவகத்தின் உரிமக்காரருக்கு இடம் கொடுக்க இயலாது. மேல்முறையீடு இருந்தால் நவம்பர் இருபத்தெட்டுக்குள் முடிவாக வேண்டும். அதற்குப் பிறகு இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். மூடிய மாதம் மார்ச். இன்னும் ஐந்து மாதம் தள்ளிக் குலுக்கியிருந்தால் மூன்று ஆண்டு கழிந்திருக்கும்.

நானும் அவளும் கடிதம் அனுப்பிய மாநகர் மன்ற அலுவலகத்துக்குப் போனோம். முகப்பில் சலேஹா என்ற பெண் அதிகாரி. நல்ல பெண். எங்களை உட்காரவைத்து, திரையில் கோப்பைத் திறந்து பார்த்தாள். நான் விளக்கினேன். கடை இவளுடையது அல்ல, இவள் அங்கே சமையலாள், கூரையைச் சரிசெய்யும் அதிகாரம்கூட இவளுக்கு இல்லை என்று நல்ல மலாயில் எடுத்துச் சொன்னேன். சலேஹா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

அவள் சொன்னது இதுதான். கடை உங்களுடையது என்றால் மூடல் உங்கள் பெயரில் நிற்கும், அங்காடிக் கடை கிடைக்காது. கடை உங்களுடையது இல்லை என்றால் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நான் மேலே அனுப்புகிறேன். ஆனால் உரிமத்தை இன்னொருவருக்கு இரவல் கொடுத்ததாக ஆகும். அதுவும் குற்றம்தான். அந்த உணவகத்தின் உரிமம் அன்றைக்கே ரத்தாகும். நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன், டீச்சர்.

ரொஸ்னா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. இருதலைக் கொள்ளி எறும்பு என்று பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை வாக்கியத்தில் அமைக்கச் சொல்லியிருக்கிறேன். எறும்பு எப்படி உட்கார்ந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திரும்பி வந்ததும் நேரே ஹனீபாவிடம் போய் வாய்க்கு வந்தபடி பேசினேன். பதினோரு ஆண்டாக அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறீர்களே, பள்ளிவாசலில் உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். பணப்பெட்டிக்குப் பின்னால் அவர் எழுந்து நின்றார்.

"இருவத்தாறு வருஷமா நீல ஐசி கேட்டு மனு போட்டுக்கிட்டிருக்கேன் டீச்சர். இத எழுதிக் குடுத்தா அதுவும் போச்சு, கடையும் போச்சு. இருந்தாலும் புள்ள சொன்னா நானே போயி எழுதிக் குடுத்துர்றேன். அவ சொல்லட்டும்."

அவ சொல்லட்டும். உரிமத்தைத்தான் அவள் தலையில் வைத்தார் என்று பார்த்தால் இந்த முடிவையும் தூக்கி அங்கேயே வைத்துவிட்டார். அதற்காக எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் அவர் கண் கலங்கியதையும் பார்த்தேன். அறுபத்திரண்டு வயதில் அந்தக் கடையை விட்டால் அவருக்கும் எந்த ஊரில் இடமிருக்கிறது?

ரொஸ்னா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருப்பாள். சமையற்கட்டுக்கும் பணப்பெட்டிக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். எழுதிக் கொடுத்துவிடு, நான் எழுதுகிறேன், உன்னைப் பற்றி ஒரு தடவையாவது யோசி என்றேன்.

"ஒம்போது பேரு டீச்சர். என் பேர நம்பித்தான் இங்க நிக்கிறாங்க. ஒரு ரொட்டி ஜாலாவுக்காக எல்லாரு வாயிலயும் மண்ணப் போடச் சொல்றீங்களா?"

"அப்ப உன் கடை?"

"விடுங்கலா டீச்சர். வெங்காயம் அரியணும்."

விடவில்லை. மூன்று பக்கம் மேல்முறையீடு எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல மலாய் நான் எழுதியதில்லை. கணவர் இறந்தது, மகள் படிப்பது, பதினோரு ஆண்டில் பத்து தடவை ஏ வாங்கியது, பக்கத்துக் கட்டட வேலை, எலி, லோங்காங், எல்லாம் எழுதினேன். கடை அவளுடையது அல்ல என்ற ஒன்றை மட்டும் எழுதவில்லை. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். உண்மையை எடுத்துவிட்ட அந்தக் கடிதத்தில் மிஞ்சியிருந்தது இலக்கணம்தான். இயலாது என்று பதில் இரண்டு வரியில் வந்தது.

நவம்பர் இருபத்தெட்டு, கெடு நாள், வெள்ளிக்கிழமை. காலை பத்தரைக்குச் சந்தில் செய்தி ஓடி வந்தது, சோதனை ஆட்கள். ஹனீபா தொப்பியைத் தேடினார். அன்றைக்கு ஜும்மா, அதனால் அவர் பள்ளிவாசலுக்குப் போவதை யாரும் குறை சொல்ல முடியாது. போகிற வழியில் என் மேசையைப் பார்க்காமல் போனார்.

வந்தது ஹைருல். மீசையில் ஒன்றிரண்டு நரை விழுந்திருந்தது. ரொஸ்னா முகப்பில் ரொட்டி ஜாலா ஊற்றிக்கொண்டிருந்தாள், பழைய தகரக் குவளையில். பித்தளைக் குவளையை அவள் கடைக்குக் கொண்டுவரவே இல்லை. கல்லை அணைத்துவிட்டு, கையைத் துடைத்து, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனாள். அவன் மூட்டைகளை நகர்த்தினான், கூரையை அண்ணாந்து பார்த்தான், ஊசி அட்டைகளை எண்ணினான். கறுப்புப் பூனை எங்கே என்றும் கேட்டான். பட்டர்வொர்த்தில் நன்றாகச் சாப்பிட்டுக் குண்டாகிவிட்டது என்றாள் அவள். அவன் சிரித்தான். தொண்ணூற்று நான்கு போட்டான். இந்தக் கோப்பில் இதுவரை உள்ளதிலேயே அதிகம் அதுதான்.

தாளை அவள் பக்கம் திருப்பி வைத்து, உங்களைப் போல உரிமக்காரர் எல்லாக் கடையிலும் இருந்தால் எங்களுக்கு வேலையே இருக்காது கக் என்றான். மனதாரத்தான் சொன்னான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவள் நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

அவர்கள் போன பிறகு மறுபடியும் கல்லைப் பற்றவைத்தாள். தொழுகைக் கூட்டம் வந்து சாப்பிட்டுப் போனது. அலுவலகம் மூடுகிற நேரம் ஐந்து மணி. நாலேமுக்காலுக்கு நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவளும் பார்த்தாள். இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது, கடை உன்னுடையது இல்லை என்று ஒரு போன் போட்டால் சலேஹா எடுப்பாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பணப்பெட்டிக்கு மேலிருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். மெதுவாக, நான்கு மூலையும் துடைத்தாள். இறங்கியபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

ஏப்ரன் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என் முன்னால் நீவி வைத்தாள். உரிமம் புதுப்பிக்கும் படிவம். ஆண்டு முடிவதற்குள் கொடுக்க வேண்டும். எனக்குத் தேத்தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள்.

நான் எழுத மாட்டேன் என்றேன். வேறு யாரிடமாவது போ என்றேன். சத்தமாகவே சொன்னேன், தட்டுக் கழுவுகிறவர் எட்டிப் பார்த்தார். அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை மேசையில் ஊன்றி, வெங்காய வாடையோடு காத்திருந்தாள். நான் எழுதாவிட்டால் நாளைக்கு யாரோ ஒருவர் எழுதுவார். எழுத்து வேறாக இருக்கும், பெயர் அதேதான்.

பேனாவைத் திறந்தேன். கண்ணாடியில் எழுத்து நன்றாகத்தான் தெரிந்தது. பின்பக்கத்தின் பதினெட்டு வரியையும் முதலிலிருந்து கடைசிவரை அவளுக்குப் படித்துக்காட்டினேன், ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லி. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு முன்பக்கத்தைத் திருப்பி, உரிமக்காரர் என்ற கட்டத்துக்குள் அவள் பெயரை எழுதினேன்.

அவள் குனிந்து பார்த்தாள்.

"இப்பவும் அழகாத்தான் இருக்கு டீச்சர்" என்றாள்.